ஆட்டத்துக்கு விட்ட வீடு

சமையலறையில் இருந்த இழுப்பறைகள் எல்லாம் ஒரு விரல் அளவுக்குத் திறந்திருந்தன.

மழை வருவதற்குள் பின்பக்கக் கொடியில் கிடந்த துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே வந்தவள் அதைப் பார்த்து நின்றுவிட்டாள். கரண்டிகள் கிடக்கும் இழுப்பறை, கைத்துணி வைக்கும் இழுப்பறை, செத்துப்போன பேட்டரியும் ரப்பர் பேண்டும் எந்தப் பூட்டுக்கென்றே தெரியாத சாவிகளும் குவிந்திருக்கும் இழுப்பறை. அடுப்புக்குக் கீழே இருக்கும் அகலமானதுகூட. அது லேசில் திறக்கிற ரகம் இல்லை. ஒரு கையால் மேலே தூக்கி, முழங்காலால் முட்டுக்கொடுத்து இழுத்தால்தான் வழிக்கு வரும். அந்த வித்தை பிடிபடாமல் அவள் கணவனே அதோடு மல்லுக்கட்டித் தோற்றிருக்கிறான்.

குட்டிதான் எழுந்து வந்திருப்பாளோ? ஆறு வயதில் உடம்பு கொதித்தாலும் கை சும்மா இருக்காது. துணிகளை நாற்காலியில் போட்டுவிட்டு, நடையைக் கடந்து கடைசி அறைக்குப் போனாள். மகள் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். மதியம் கொடுத்த காய்ச்சல் சிரப்பின் ஆரஞ்சு வாசனையும், வியர்வையில் நனைந்த தலையணையின் வாசனையும், இரண்டு நாளாக ஜன்னல் திறக்காத அறையின் புழுக்கமும் ஒன்றாகக் கலந்து கதவருகிலேயே முகத்தில் வந்து படிந்தன. புறங்கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள். சூடு இறங்கவில்லை. குட்டியின் கால்கள் போர்வைக்குள் முழுசாகச் சுற்றிக் கிடந்தன. அவள் எழுந்து நடந்த மாதிரியே இல்லை.

சரி, நானேதான் எதையோ தேடிவிட்டு மூடாமல் விட்டிருப்பேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தூக்கம் கெட்ட தாய்மார்களுக்கு இது நடப்பதுதான். இழுப்பறைகளை ஒவ்வொன்றாக மூடினாள். கடைசியை முழங்காலால் முட்டித் தள்ளும்போதுதான் ஹாலிலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

டொக். டொக். டொக்.

விரல் முட்டியால் சுவரில் தட்டும் சத்தம். கதவில் தட்டுவதல்ல, உள்ளே விடு என்று கேட்பதுமல்ல. பொறுமையாக, ஒரு சாண் தள்ளி ஒரு சாண் தள்ளி, தட்டிவிட்டு நின்று, சுவர் என்ன பதில் சொல்கிறது என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு, மறுபடி தட்டுவது. கட்டட வரைபடம் போடுவது அவள் பிழைப்பு. எந்தச் சுவருக்குள் குழாய் ஓடுகிறது, எதற்குள் மின்கம்பி போகிறது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஹாலின் அந்தச் சுவருக்குள் ஒன்றுமே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் காலி மனை. அவள் ஹாலுக்கு வந்து நின்றாள். தட்டல் ஜன்னலிலிருந்து புகைப்படத்துக்கு நகர்ந்தது, புகைப்படத்திலிருந்து கடிகாரத்துக்கு நகர்ந்தது, மூலைவரை போய் நின்றுவிட்டது. சுவரில் ஓர் எறும்புகூட இல்லை.

வானம் கறுத்து ஹாலே மங்கியிருந்தது. அந்த மங்கலில் கூரைக்கு மேலே ஏதோ உருண்டது.

கோலிக்குண்டைவிடக் கனமான ஏதோ ஒன்று, தடதடவென்று விழுந்து, பக்கம் பக்கமாகப் புரண்டு, தயங்கி, நின்றது. மேலே மாடி கிடையாது. வெறும் மொட்டைக் கூரை, ஏறுவதற்குப் படிகூட இல்லாதது. அவள் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னவோ தோன்றி நடையைத் திரும்பிப் பார்த்தாள். தரையை ஒட்டி, சுவரில், சுண்ணக்கட்டியால் ஓர் அம்புக்குறி. சற்று முன் அந்த வழியாகத்தான் அவள் வந்தாள். அப்போது அது இல்லை.

அம்பு கடைசி அறையைக் காட்டியது.

குனிந்து உள்ளங்கையால் அழித்தாள். கையில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டது, நிஜச் சுண்ணம். அந்த அம்பை அவளுக்குத் தெரியும். நுனியில் ஒரு சின்னக் கொக்கி போட்டு முடிக்கும் அந்த அம்பை அவள் மூன்று வருடமாகப் பார்த்து வருகிறாள், காகிதத்தில்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் ஆடும் ஆட்டத்துக்குப் பலகை கிடையாது. ஒரு மேசை, கொஞ்சம் காகிதம், கொஞ்சம் பகடைகள், ஓயாத வாய், அவ்வளவுதான் சாமான். ஒருத்தர் ஓர் உலகத்தைச் சொல்லச் சொல்ல, மற்றவர்கள் அதற்குள் நுழைந்த நாலு ஆட்களாக மாறி, கதவைத் திறக்கிறேன், கட்டிலுக்கு அடியில் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டே போவார்கள். முடியுமா முடியாதா என்று சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடையை உருட்டுவார்கள். அது சொல்வதுதான் தீர்ப்பு. வளர்ந்த மனிதர்கள் செய்கிற வேலையா இது என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். ஆனால் ஊரார் பணத்தையெல்லாம் பத்திரமாகக் காக்கும் பாங்க்காரர், அந்த மேசையில் உட்கார்ந்ததும் அசல் திருடனாக மாறி, போகிற வழியெல்லாம் சுண்ணக்கட்டியால் அம்பு போடுகிறேன் என்று சொல்லிக் காகிதத்தில் கொக்கி அம்பு கிறுக்கிக்கொண்டே போவதைப் பார்க்க அவளுக்கு அலுக்கவே அலுக்காது. பல் டாக்டர் இன்னொரு ரகம். எந்த வீட்டுக்குள் போனாலும் முதல் வேலையாக எல்லா இழுப்பறைகளையும் திறப்பார், இரண்டாவது வேலையாகச் சுவர்களைத் தட்டுவார். வாயைப் பிளந்து பார்த்துப் பழகின கை என்று எல்லோரும் கேலி செய்வார்கள்.

உலகத்தைச் சொல்வது பெரும்பாலும் அவள்தான். அதனாலேயே அவளுக்கு 'மேஸ்திரி' என்று பெயர் வைத்திருந்தார்கள். யாரோ எழுதி அச்சடித்து விற்கிற ரெடிமேட் உலகங்கள் அவளுக்கு ஆகாது. அது வாடகை வீடு மாதிரி, ஓர் ஆணி அடிப்பதற்குக்கூட யோசிக்க வேண்டும் என்பாள். பல் டாக்டர் விடமாட்டார். "ரெடிமேட்ல ஒரு நிம்மதி இருக்கு மேஸ்திரி. கிணறு எங்கன்னு எல்லாருக்கும் தெரியும். எந்த மேசையில ஆடினாலும் அதே கிணறு. நான் இங்க ஆடறேன், இன்னொருத்தன் வேற ஊர்ல ஆடறான், ரெண்டு பேரும் ஒரே தெருவுலதான் நடக்கறோம். வாக்குவாதமே இல்ல. எழுதியிருந்தா இருக்கு. எழுதலைன்னா அது அந்தந்த மேசையோட பாடு."

அந்த வீம்பில்தான் அவள் ஒரு களத்தை எழுதினாள். மற்றவர்கள் எடுத்து ஆடுகிற மாதிரி, எந்தக் கேள்விக்கும் பதில் இருக்கிற மாதிரி ஒரு வீடு. கற்பனையில் வீடு கட்டினால் எங்காவது ஒரு கதவு இடறும், ஒரு ஜன்னல் தப்பான பக்கம் திறக்கும். எதற்கு வம்பு என்று தன் வீட்டையே வரைந்து கொடுத்துவிட்டாள். விரிசல் விட்ட தரைக்கல், தலைகீழாக மாட்டின சுவிட்சு, முழங்காலால் முட்டினால் திறக்கும் இழுப்பறை, நடை, கடைசி அறை, கட்டிலில் காய்ச்சலோடு தூங்கும் ஒரு பெண் குழந்தை. பல் டாக்டர் சொக்கிப்போனார். தனக்குத் தெரிந்த மேசைகளுக்கெல்லாம் அனுப்பலாமா என்று கேட்டார். அவளும் பெருமையில் பூரித்துப் போய்ச் சரி என்று சொல்லிவிட்டாள்.

இப்போது கையில் சுண்ணத்தோடு நடையில் நின்றபோது அவளுக்கு அதெல்லாம் வரிவரியாக நினைவுக்கு வந்தது. அந்தக் களத்தில் குழந்தை மட்டும் இல்லை. இன்னொருத்தியும் இருக்கிறாள். அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள்.

கையைக் கழுவக் குளியலறைக்குப் போனாள். சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே எதேச்சையாகப் பிரஷ் கோப்பையைப் பார்த்தாள். அவளுடையது ஒன்று, குட்டியின் சின்னது ஒன்று. கணவனின் நீல பிரஷ் இல்லை. ஷேவிங் சாமான் வைக்கும் தட்டு ஈரமே படாத மாதிரி காய்ந்து கிடந்தது. படுக்கையறைக்கு ஓடிப் பீரோவைத் திறந்தாள். அவனுடைய சட்டைகள் தொங்கும் பக்கத்தில் அவள் புடவைகள் தொங்கின. வாசலில் அவனுடைய பழைய செருப்பும் இல்லை.

ஆட்டத்துக்குச் சரிப்படாது என்று வீட்டிலிருந்து அவனை எடுத்துவிட்டது அவள்தான். ஓர் ஆண் கூட இருந்தால் வருகிறவர்களுக்குப் பயம் குறைந்துவிடும் என்று கணக்குப் போட்டு, ஒரு பெண்ணும் ஒரு குழந்தையும் மட்டும் என்று எழுதியிருந்தாள்.

அவன் எண்ணை அழுத்தினாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. டியூட்டியில் இருந்தாலும் மகளுக்கு உடம்பு சரியில்லாததால் எடுத்துவிடுவான். எடுத்தான். பின்னால் சக்கர நாற்காலி உருளும் சத்தமும் யாரையோ கூப்பிடும் குரலும் கேட்டன.

"என்னங்க, நான்தான். சீக்கிரம் கிளம்பி வாங்க. வீட்ல என்னவோ..."

"யாருங்க பேசறது?"

"நான்தாங்க! குட்டிக்குக் காய்ச்சல் இறங்கல. ப்ளீஸ், விளையாடாதீங்க."

"அம்மா, நீங்க தப்பான நம்பருக்குப் போட்டிருக்கீங்க போல." அவன் குரலில் அவளுக்குப் பழக்கமான அதே பரிவு இருந்தது, நோயாளிகளிடம் பேசும் பரிவு. "குழந்தைக்குக் காய்ச்சல்னா உடனே டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போங்க. வெச்சுடறேன்."

கூரையில் மறுபடி உருண்டது. தடதடவென்று விழுந்து, புரண்டு, நின்றது. அடுத்த கணம் படுக்கையறைக் கதவுக்கு வெளியே ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டது. மரத்தில் காது வைத்து அழுத்தும்போது தலைமுடி உரசும் அந்த மெல்லிய சத்தம். பிறகு மூச்சு. வாயை மூடிக்கொண்டு மூக்கால் விடும், அடக்கின மூச்சு. அவளும் மூச்சை அடக்கினாள். கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது அவளைக் கேட்டுக்கொண்டிருந்தது; இந்தப் பக்கம் அவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மூச்சு விலகியதும் பல் டாக்டரைக் கூப்பிட்டாள்.

"மேஸ்திரி! உனக்கு ஆயுசு நூறு. இப்பதான் உன்னைப் பத்திப் பேசிட்டிருந்தோம்." பின்னால் கோப்பைகள் இடிபடும் சத்தம், யாரோ வாய் நிறையச் சிரிக்கும் சத்தம். "நீ வரலைன்னதும் நானே உன் வீட்டை எடுத்து நடத்தறேன். புதுசா மூணு பேர் வந்திருக்காங்க, முதல்ல இழுப்பறை, அப்புறம் சுவர்னு என் பாணியைச் சொல்லிக் குடுத்திருக்கேன். நம்ம பாங்க்காரர்தான் வழக்கம்போலத் திருடன். இப்ப டீ குடிக்க நிறுத்தியிருக்கோம்."

"எங்க வந்திருக்கீங்க?"

"என்ன எங்க?"

"ஆட்டத்துல, டாக்டர். வீட்டுக்குள்ள எதுவரைக்கும் வந்திருக்கீங்க?"

"ஹாலு, சமையலறை எல்லாம் பார்த்தாச்சு. இப்ப படுக்கையறைக் கதவுல காதை வெச்சுக் கேட்டாங்க. உள்ள ஆள் இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. அடுத்து கடைசி ரூமுக்குத்தான்."

அவள் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "நிறுத்திடுங்க. தயவு பண்ணி இதோட நிறுத்திடுங்க. வேற ஏதாவது ஆடுங்க. நான் எழுதினது தப்பு, அதை மாத்தணும்."

"எதை மாத்தணும்?"

"அந்தப் பொம்பளையை."

பல் டாக்டர் சிரித்தார். "அய்யோ, அவளை எதுக்கு மாத்தறே? அவதானே உசுரே! பார்த்தா சாதாரண அம்மா மாதிரி இருப்பா, ஆனா அது அம்மா இல்ல. குழந்தை அவளோடது இல்ல, எங்கேயோ எடுத்துட்டு வந்தது. மருந்தைக் குடுத்துத் தூங்க வெச்சிருக்கா. அவ என்ன சொன்னாலும் நம்பாதே, குழந்தையைக் காப்பாத்தி வெளியே கொண்டு வா. என்னா எழுத்து! அவ கெஞ்சற இடம் இருக்கு பாரு, போன வாரம் ஒரு மேசையில ஒரு அம்மா அழுதே அழுதுட்டாங்களாம். ஆனா ஒருத்தர்கூட அவளை நம்பல."

ஆமாம். பேய்க்கு ஒரு முகம் வேண்டியிருந்தபோது அவள் எதிரே இருந்த கண்ணாடியைப் பார்த்து எழுதினாள். பல்லும் நகமும் வைத்த பேய்களைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை. பாசமாக இருக்கும் பேய்தான் அடிவயிற்றைக் கலக்கும் என்று அன்றைக்குத் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டாள்.

"டாக்டர், இது என் வீடு. நிஜமாவே என் வீட்ல தட்டறாங்க. சுவர்ல அம்பு போடறாங்க. அவ என் பொண்ணு, நான் பெத்த பொண்ணு, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன், எங்களை விட்டுடுங்க..."

மறுமுனையில் நாற்காலி பின்னுக்கு நகரும் சத்தம். பிறகு டாக்டர் மேசையைப் பார்த்துக் கத்துவது கேட்டது. "ஏய், எல்லாரும் இங்க வாங்க! எழுதினவங்களே பேசறாங்க! ஸ்பீக்கர்ல போடறேன். மேஸ்திரி, அதை இன்னொரு தடவை சொல்லு. அப்படியே எழுத்து மாறாம சொன்னே!"

எழுத்து மாறாமல். அவ என் பொண்ணு, நான் பெத்த பொண்ணு, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன், எங்களை விட்டுடுங்க. அந்தப் பெண் பேசுவதற்காக அவள் எழுதிக் கொடுத்த வரிகள். வேறு என்ன சொல்வது என்று தேடினாள். வேறு ஒரு தாய் வேறு என்ன சொல்வாள்? வாயைத் திறந்தாள். "அவளுக்கு உடம்பு சரியில்லை" என்று வந்தது. அதுவும் எழுதியதுதான். அதற்கப்புறம் அழுகை வந்தது. அழுவாள் என்றும் எழுதியிருந்தாள்.

ஸ்பீக்கரில் கைதட்டல் கேட்டது. "பயமா இருக்குப்பா," என்றது ஒரு புதுக் குரல், ரசித்து. "சரி சரி, போனை எல்லாம் அணைச்சு வைங்க. ஆரம்பிக்கலாம்," என்றார் பல் டாக்டர். இணைப்பு அறுந்தது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். ஆட்டம் நடக்கும்போது மேசையில் போன் கூடாது என்பது அவளே கொண்டுவந்த சட்டம்.

நடையில் காலடிகள். ஒருவர் இல்லை. பல பேர்.

அவள் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். நடை காலியாகத்தான் இருந்தது. ஆனால் காலடிகள் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்குவது கேட்டது. சுவர் நெடுகப் புது அம்புகள். விளக்கெண்ணெய் இல்லை, சமையல் எண்ணெய் இல்லை, லாந்தரில் ஊற்றும் எண்ணெயின் குமட்டும் வாடை எங்கிருந்தோ வந்தது. அது அவள் வீட்டில் இல்லாத பொருள். ஆட்டக்காரர்கள் கையோடு கொண்டுவருகிற பொருள். பேயைக் கண்டால் அவர்கள் என்ன செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியாததா? எத்தனை தடவை அவளே மேசைக்குத் தலைமை வகித்து, நெருப்பு எப்படிப் பரவுகிறது என்று அவர்களுக்கு நயமாக விவரித்திருக்கிறாள்.

குட்டியைப் போர்வையோடு வாரி எடுத்தாள். கொதிக்கும் கன்னம் அவள் கழுத்தில் விழுந்தது. ஹாலைக் கடந்து, வாசல் கதவைத் தாழ் நீக்கித் திறந்தாள். வெளியே மழை பிடித்துவிட்டிருந்தது. எதிர் வீட்டில் டிவி ஓடியது. சைக்கிளில் ஒருவர் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு போனார். அவ்வளவு சாதாரணமான தெரு. அவள் காலைத் தூக்கினாள்.

கால் படியைத் தாண்டவில்லை.

வலிக்கவில்லை. யாரும் பிடிக்கவில்லை. தூக்கின கால் வைக்க இடம் இல்லாததுபோல அங்கேயே நின்றது. மறுகாலை முயன்றாள். தோளால் முட்டினாள். மழைச் சாரல் முகத்தில் அடித்தது, காற்று முந்தானையை இழுத்தது, அவள் மட்டும் நகரவில்லை. வருகிறவர்கள் தப்பிக்க ஒரு வழியாவது இருக்க வேண்டும், அதுதான் நியாயமான ஆட்டம் என்று அவளே வைத்த விதி: அந்தப் பெண் வீட்டின் எந்த வாசல்படியையும் தாண்ட மாட்டாள்.

"யாராவது வாங்களேன்!" என்று தெருவைப் பார்த்துக் கத்தினாள். சைக்கிள்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் முனையில் மறைந்தார்.

அவள் கடைசி அறைக்கே திரும்பினாள். கதவைச் சாத்தித் தாழிட்டு, மகளை மடியில் போட்டுக்கொண்டு, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் ஒடுங்கினாள். யோசி. நீதானே எழுதினாய். எழுதியிருந்தால் இருக்கிறது. எழுதாமல் விட்டது? எழுதாமல் எதை விட்டாய்?

ஒன்று இருந்தது. வேண்டுமென்றே காலியாக விட்ட ஓர் இடம். குழந்தை யாரை நம்பும் என்பதை அவள் எழுதவில்லை. அது மேசையின் பாடு, பகடை சொல்லட்டும் என்று விட்டிருந்தாள்.

அப்படியென்றால் குட்டி இன்னும் யாருடைய எழுத்துக்கும் கட்டுப்படவில்லை. குட்டி அவளைப் பார்த்து அம்மா என்று சொன்னால் போதும். எத்தனை பேர் வந்தாலும் கையை விடாமல் பிடித்துக்கொண்டால் போதும். பெற்று, பால் கொடுத்து, இரண்டு நாளாக ஈரத்துணி மாற்றி மாற்றி வைத்த பிள்ளை. அவளுக்கு அம்மாவைத் தெரியாதா என்ன?

"குட்டி. குட்டிம்மா. கண்ணத் திற."

இமைகள் பிரிந்தன. சிரப்பின் மயக்கத்தில் கண் மிதந்தது.

"நான் யாரு, சொல்லு."

"அம்மா," என்றது குழந்தை, எரிச்சலாக. "தண்ணி."

அவளுக்கு அழுகை பீறிட்டது. அந்தச் சின்னக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திக்கொண்டாள். "தரேன்டா. இப்ப யாராவது வந்து என்ன சொன்னாலும் நம்பாதே. அம்மா கையை மட்டும் விட்டுடாதே. விடமாட்டேல்ல?"

"விடமாட்டேன்."

கதவின் தாழ் தானாக ஏறியது. மெதுவாக. பழகின திருடனின் கைப்பக்குவம்.

கதவு திறந்தது. யாரும் இல்லை. எண்ணெய் வாடை மட்டும் உள்ளே வந்தது. குட்டி கதவுப்பக்கம் தலையைத் திருப்பினாள். அவள் கண்கள் உயரத்தில் ஒரு முகத்தைப் பார்த்தன, பிறகு இன்னொன்றை, பிறகு இன்னொன்றை. யாரோ அவளிடம் பேசினார்கள். தாய்க்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. குழந்தை கவனமாகக் கேட்டாள்.

"கேக்காதே! குட்டி, இங்க பாரு! என்னைப் பாரு!"

கூரையில் உருண்டது.

விழுந்தது. புரண்டது. இந்த முறை நிற்கவே இல்லை. அவள் தலைக்கு மேலே, அறையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு. சுவரில் மோதித் திரும்பியது. தயங்கியது. ஒரு பக்கம் சாய்ந்தது. இன்னும் ஒரு பக்கம்.

நின்றது.

நிசப்தம்.

பிறகு கூரைக்கு மேலே, வெகு தொலைவில், பல குரல்கள் ஒன்றாக ஆர்ப்பரித்தன. யாரோ மேசையைத் தட்டினார்கள். யாரோ விசில் அடித்தார்கள்.

குட்டி அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்தக் கண்களில் மயக்கம் இல்லை. காய்ச்சலும் இல்லை. மடியில் இருந்தபடியே அவள் முகத்தை மெல்ல மெல்ல, நெற்றியிலிருந்து தாடைவரைக்கும் பார்த்தாள். பொத்தின கைகளுக்குள் சின்ன விரல்கள் விறைத்தன.

"எங்கம்மா எங்கே?" என்றாள்.

"நான்தான்டா அம்மா..."

குழந்தை வீறிட்டாள். உடம்பையே முறுக்கிக்கொண்டு, பல்லால் அவள் மணிக்கட்டைக் கடித்து, கையை உருவிக்கொண்டு கட்டிலுக்கு மேலே ஏறி ஓடினாள். கதவருகே போனதும் வலது கையை உயர்த்தினாள், பெரியவர்களின் கையைப் பிடிக்கத் தூக்குகிற மாதிரி. எதுவோ அந்தக் கையைப் பிடித்துக்கொண்டது. நடையில் சின்னப் பாதங்கள் தத்தித் தத்திப் போயின, அவற்றோடு பெரிய பாதங்களும்.

அவள் பின்னால் ஓடினாள். நடை முழுக்க வழவழவென்று ஈரம். எண்ணெய். சறுக்கினாள், விழுந்தாள், எழுந்தாள். "அவ என் பொண்ணு! நான் பெத்த பொண்ணு!" நிறுத்த முடியவில்லை. வாய் தானாகச் சொல்லியது. "உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்..."

வாசற்கதவு திறந்திருந்தது. குழந்தை படியைத் தாண்டினாள். அவ்வளவு எளிதாக. மழையில் இறங்கி, தெருவின் நடுவே போய்த்தான் நின்றாள்.

வாசற்கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

அவள் தெருவைப் பார்த்த ஹால் ஜன்னலுக்குப் பாய்ந்தாள். கண்ணாடியை இரண்டு கைகளாலும் அறைந்தாள். வெளியே குட்டி நனைந்துகொண்டு நின்றாள். கண்ணாடியில் அறையும் சத்தம் கேட்டு ஜன்னலைப் பார்த்தாள். பார்த்ததும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

மழையால் வெளியே இருட்டிவிட்டது. கண்ணாடியில் ஹால் தெரிய ஆரம்பித்தது. சுவர்க் கடிகாரம். புகைப்படம். நாற்காலியில் அவள் மடிக்காமல் போட்ட துணிகள். நாற்காலிக்குப் பின்னால் நாலு பேர் நின்றிருந்தார்கள். ஒருவன் கையில் லாந்தர். ஒருவன் காலியான எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்து உதறிக்கொண்டிருந்தான். நாலு பேரும் ஜன்னலைத்தான் பார்த்தார்கள், அவள் நிற்கும் இடத்தைத்தான் பார்த்தார்கள்.

அந்தக் கண்ணாடியில், அவள் கைகள் ஊன்றியிருந்த இடத்தில், மழை மட்டும் வழிந்துகொண்டிருந்தது. அவள் அதில் இல்லை.

லாந்தர்காரன் திரியைத் தூண்டினான். கூரைக்கு மேலே யாரோ பகடையைக் கையில் எடுத்துக் குலுக்கினார்கள்.